ஒரே செருப்பு, வேறு கால்

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு மாரியம்மாவின் ரப்பர் செருப்பு ஒரு கொலை வழக்கில் மாட்டிக்கொண்டது.

மாரியம்மாவுக்கு அது தெரியாது. அந்த நேரத்தில் அவள் அதே செருப்பைப் பட்டறை வாசலில் கழற்றிவிட்டு, உள்ளே சம்மணம் போட்டு உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டிக்கொண்டிருந்தாள். தெரிந்தது அவள் மகள் அஷ்வினிக்கு. மைசூர் அக்ரஹாரத்தில் ஒரு தேங்காய்க் கடைக்கு மேலே, மாடியில் இருக்கிற சின்ன ஒலிப்பதிவு ஸ்டூடியோவில், தருண்குமார் தன் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டியிருந்தான்.

“நோடு குரு, இதைப் பாரு,” என்றான். “நாலு லட்சம் பேர் பாத்தாச்சு.”

தருண்குமார் படத்தொகுப்பாளன். கன்னடக்காரன். அஷ்வினியோடு ஒன்றரை வருஷம் ஒரே அறையில் உட்கார்ந்ததில் தமிழ் பேச வந்துவிட்டது. மைசூர்ப் பையன்கள் ஊரில் எல்லாரையும் கூப்பிடுவதுபோல அவளையும் ‘குரு’ என்றுதான் கூப்பிடுவான்.

போனில் ஓடிய வீடியோவில் ஒரு பெண் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் ‘ஒன்பதாவது கிராஸ்’ ஓடியது. வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு வருகிற தொடர். இவர்கள் செய்கிற தொடர். மொத்தம் பதிமூன்று வாரம். பன்னிரண்டு வாரம் முடிந்துவிட்டது. வீட்டுக்காரி சென்னம்மாவைப் புழக்கடையில் யாரோ அடித்துக் கொன்றுவிட்டார்கள், யார் என்பது இந்த வெள்ளிக்கிழமை தெரியும் என்று தமிழ்நாடு முழுக்க விளம்பரம் செய்தாகிவிட்டது.

முதலில் அந்தப் பெண் மூன்றாவது வாரத்துக் காட்சியைப் போட்டாள். வீட்டின் பக்கவாட்டில் புழக்கடைக்குப் போகிற சந்து. இருட்டு. ஆள் தெரியவில்லை. சுவரும் சுவரில் ஒரு நிழலும்தான். கொலைகாரன் நடக்கிற சத்தம் மட்டும் கேட்டது. சப், டிக். சப், டிக். அடுத்து பதினோராவது வாரம். மாடியில் குடியிருக்கிற நர்ஸ் மீனா, நீலவார் செருப்போடு கேட்டைச் சாத்தப் போகிறாள். சப், டிக். சப், டிக்.

அந்தப் பெண் ஹெட்போனைக் கழற்றினாள். “ரெண்டும் ஒரே செருப்பு! கொலைகாரி மீனாதான். டைரக்டர் காதுல ஒளிச்சு வெச்ச க்ளூ இது. தமிழ்ல இப்படி ஒரு சீரியல் வந்ததே இல்லைங்க!”

அஷ்வினி போனை வாங்கி இரண்டு காட்சியையும் மறுபடி ஓட்டினாள். கொலைகாரி மீனா இல்லை. சென்னம்மாவின் அண்ணன் மகன் விஜய்குமார். கடைசி வாரம் எடுத்து முடித்து, வெட்டி ஒட்டி, தருண்குமாரின் கணினியில் தூங்கிக்கொண்டிருக்கிறது.

“ஒரே செருப்பா?” என்று கேட்டான் தருண்குமார்.

“ஒரே செருப்புதான்.”

“யார்து?”

“எங்கம்மாது.”

நடந்தது இதுதான். ‘ஒன்பதாவது கிராஸ்’ படப்பிடிப்பில் சத்தம் பதிவதே இல்லை. படம் பிடிக்கிற தெருவில் ஸ்கூட்டர், பஜனை ஒலிபெருக்கி, காய்கறி வண்டிக்காரர் எல்லாரும் நடிகர்களைவிடச் சத்தமாகப் பேசுவார்கள். அதனால் வசனம் எல்லாம் பிறகு ஸ்டூடியோவில் பேசி ஒட்டப்படும். மற்ற சத்தங்கள் எல்லாம் அஷ்வினியின் பொறுப்பு. அந்த வேலைக்கு ஃபோலி என்று பெயர். நடிகர் நடந்தால் திரையைப் பார்த்துக்கொண்டே அவளும் நடப்பாள். அவளது அறையின் தரையில் ஒரு கட்டம் ரெட் ஆக்சைடு என்கிற சிவப்புச் சிமெண்டு, ஒரு கட்டம் மொசைக், ஒரு கட்டம் சரளைக்கல். கதவுக்கு ஒரு பழைய அலமாரி, கைவிலங்குக்குச் சாவிக்கொத்து. சென்னம்மாவின் மண்டை உடைந்ததற்கு ஒரு தர்பூசணி. அந்தத் தர்பூசணியைத்தான் மூன்று நாள் எல்லாரும் சாப்பிட்டார்கள்.

மூன்றாவது வாரக் கொலைக்கு அவளுக்கு ஒரு தனிச் சத்தம் வேண்டியிருந்தது. அம்மாவின் இடது செருப்பில் வார் பிய்ந்து, அடியில் ஒரு ஊக்கு குத்தியிருந்தது. சிமெண்டுத் தரையில் நடந்தால் அந்த ஊக்கு ‘டிக்’ என்று பேசும். அதைக் கொண்டுவந்து அவளே நடந்தாள். எட்டு வாரம் கழித்து, தேவராஜா மார்க்கெட்டில் வாழையிலைக் குப்பையில் வழுக்கி அவள் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. மீனா கேட்டைச் சாத்துகிற காட்சி அன்றைக்கே முடிய வேண்டும். சாப்பாடு கொண்டுவந்த அம்மாவைப் பிடித்து, “அஞ்சு நிமிஷம் நடந்துட்டுப் போம்மா” என்று மைக்குக்கு முன்னால் நிறுத்தினாள். அம்மா எந்தச் செருப்பில் நடப்பாள்? காலில் இருந்த செருப்பில்தான்.

ஒரே செருப்பை இரண்டு ஆளுக்குப் போடாதே என்பது இந்தத் தொழிலில் முதல் நாள் பாடம். அஷ்வினி அதை மறந்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. அது அம்மாவின் செருப்பு. அது ஒரு பொருள் என்பதே அன்றைக்கு அவளுக்குத் தோன்றவில்லை.

இயக்குநர் முரளிதரன் படியேறி வரும்போதே பேசிக்கொண்டு வந்தார். “யாரும்மா அந்தப் பொண்ணு? என்ன காது! கூட்டிட்டு வந்து நம்ம கிட்டயே வேலைக்கு வெச்சுக்கணும்.” உள்ளே வந்து இவர்கள் முகத்தைப் பார்த்தார். “ஏனு, என்ன ஆச்சு? ஏன் ரெண்டு பேரும் எழவு வீடு மாதிரி உக்காந்திருக்கீங்க? புகழ்றாங்கம்மா! நான் காதுல க்ளூ ஒளிச்சு வெச்சேனாம்!”

“க்ளூ இல்ல சார். தப்பு. என்னோட தப்பு,” என்றாள் அஷ்வினி. நடந்ததைச் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை.

முரளிதரன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். “அப்போ வெள்ளிக்கிழமை விஜய்குமார்தான் கொலைகாரன்னு சொன்னா…”

“ஏமாத்திட்டாங்கன்னு செருப்பால அடிப்பாங்க,” என்றான் தருண்குமார். அவன் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

அப்போதே போன் வந்துவிட்டது. சேனலிலிருந்து ஸ்ரீதேவி. இந்தத் தொடரைப் பார்த்துக்கொள்கிற அதிகாரி. முரளிதரன் ஸ்பீக்கரில் போட்டார். ஸ்ரீதேவி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

“சவுண்ட் பண்றவங்க பக்கத்துல இருக்காங்களா?”

“இருக்கேன் மேடம். அஷ்வினி.”

“அஷ்வினி, நாலு லட்சம் பேர் உங்க வேலையைத்தான் கேட்டிருக்காங்க. அவங்களுக்கு நான் வெள்ளிக்கிழமை பதில் சொல்லணும். வியாழன் காலைல பதினொரு மணிக்கு எனக்கு எபிசோட் காட்டுங்க. சரியா இருந்தா சரி. இல்லன்னா எல்லா டிராக்கையும் சென்னைக்கு அனுப்பிடுங்க. இங்க எங்க ஆள் முடிச்சுக் குடுப்பார். டைட்டில்ல அவர் பேர் வரும். அடுத்த சீசனும் அவர்தான்.”

போன் நின்றது. கீழே தேங்காய்க் கடையில் யாரோ தேங்காயைத் தட்டிப் பார்த்தார்கள். டொக், டொக்.

‘ஒலி வடிவமைப்பு: அஷ்வினி’. ஐந்து வருஷம் மற்றவர்கள் பெயருக்குப் பின்னால் ‘மற்றும் குழுவினர்’ என்ற சொல்லுக்குள் குடியிருந்துவிட்டு, இந்தத் தொடரில்தான் முதன்முதலாகத் தனியாக வெளியே வந்திருந்தாள். பன்னிரண்டு வாரம் அந்த ஒரு வரி திரையில் இரண்டரை வினாடி நின்றது. பதிமூன்றாவது வாரம் நிற்குமா என்பதுதான் இப்போது கேள்வி.

“ஒண்ணு பண்ணலாம்,” என்றார் முரளிதரன். “கடைசி சீன்ல இடியை ஏத்திடு. க்ளோசப் மூணு தரம். விஜய்குமார் மூஞ்சி, இடி. மூஞ்சி, இடி. மூஞ்சி, இடி. செருப்பெல்லாம் மறந்துடுவாங்க.”

“சார், பன்னெண்டு வாரமா நம்ம சீரியல்ல இடி இடிக்குது. ஒரு சொட்டு மழை வரல.”

தருண்குமார் மேஜைக்கு அடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டான்.

“எனக்கு ஒரு மணி நேரம் குடுங்க,” என்று எழுந்தாள் அஷ்வினி. “தப்பு எங்க இருக்குன்னு தெரிஞ்சிடுச்சு. அதுக்குள்ள என்ன இருக்குன்னு கேட்டுட்டு வரேன்.”

அவளுக்குப் பயம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ஹெட்போனை மாட்டியதும் பயம் கதவுக்கு வெளியே நின்றுகொண்டது. எப்போதும் அப்படித்தான். இந்த அறைக்குள் அவளுக்குத் தெரியாத எதுவும் இல்லை. நூலகத்திலிருந்து எடுத்துவந்து அவள் படிக்கிற வெளிநாட்டுத் துப்பறியும் கதைகளில் எல்லாம் பனி பெய்திருக்கும். கொலைகாரன் நடந்துபோன தடம் காலையில் வெள்ளையாக, தெளிவாகக் கிடக்கும். மைசூரில் பனி கிடையாது. ரெட் ஆக்சைடு தரை எந்தத் தடத்தையும் வைத்துக்கொள்ளாது. இங்கே காலடியை வைத்துக்கொள்ள மைக் ஒன்றுதான் உண்டு என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

மூன்றாவது வாரத்து நடையைப் போட்டாள். கண்ணை மூடிக் கேட்டாள். பதினோராவது வாரத்து நடையைப் போட்டாள். மறுபடி முதலிலிருந்து. ஏழாவது தடவை கேட்கும்போது நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பதினோராவது வாரம்: சப், டிக்.

மூன்றாவது வாரம்: சப், டிக், தட்.

அந்த ‘தட்’ மிகச் சின்னது. கடைசியில் ஒட்டிக்கொண்டு வருவது. ஹெட்போன் போட்டுக் கேட்ட அந்தப் பெண்ணுக்குக்கூட அது ‘டிக்’கின் வால் மாதிரித்தான் கேட்டிருக்கும். அஷ்வினிக்கு அது என்ன என்று தெரியும், ஏனென்றால் அது அவளுடைய குதிகால். அம்மாவின் செருப்பு ஐந்தாம் நம்பர். அஷ்வினியின் கால் எட்டாம் நம்பர். அந்தச் செருப்பில் அவள் நடந்தால் குதிகால் பின்னால் வழிந்து தரையில் இடிக்கும். அம்மா நடந்தால் இடிக்காது. அது அவள் செருப்பு.

கதவைத் திறந்துகொண்டு வந்தாள். “சார், ரெண்டும் ஒரே செருப்பு. ஆனா ஒரே கால் இல்ல.”

இருவரையும் கேட்கவைத்தாள். தருண்குமார் மூன்றாவது தடவையில் பிடித்துவிட்டான். முரளிதரனுக்கு ஐந்து தடவை ஆனது. ஆனதும் அவர் முகம் மாறியது.

“பெரிய கால். சின்னச் செருப்பு,” என்றார் மெதுவாக.

“ஆமா சார். மீனா செருப்பைப் போட்டுட்டு வேற யாரோ நடந்திருக்காங்க. விஜய்குமாரோட கால்.”

“சூப்பர் குரு!” என்று துள்ளினான் தருண்குமார்.

முரளிதரன் கையைக் காட்டி அவனை உட்காரவைத்தார். “இரு இரு. ஒரு ஆம்பள கொலை பண்ணப் போறான். அவன் வந்ததே ஷூ போட்டுட்டு. அவன் எதுக்கும்மா மாடில இருக்கற நர்ஸோட செருப்பை மாட்டணும்? அவளை மாட்டிவிடவா? அவனுக்கும் அவளுக்கும் பேச்சே இல்லயே கதைல. நான் இதை எழுதினா அந்த ஹெட்போன் பொண்ணு என்னை விடமாட்டா.”

அஷ்வினி ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். “முதல்ல செருப்பை எடுத்துட்டு வரேன்,” என்றாள். “அது இல்லாம எதுவும் ஆகாது.”

ஸ்கூட்டரில் பட்டறைக்குப் பத்து நிமிஷம். மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கிற நேரம். பட்டறை வாசலில் ஐம்பது அறுபது ஜோடிச் செருப்புகள் குவிந்து கிடந்தன. அஷ்வினி குனிந்து ஊக்குக் குத்திய செருப்பைத் தேடினாள். வலது கிடைத்தது. இடதைக் காணோம்.

“ஏங்கண்ணு, செருப்புத் திருடவா வந்தே?”

உள்ளேயிருந்து அம்மாவின் குரல். கையெல்லாம் கரிப்பொடியோடு வாசலுக்கு வந்தாள். கர்நாடக எல்லையோரத் தமிழ்க் கிராமமான மார்டள்ளியை விட்டு வந்து இருபது வருஷமாகியும் மாரியம்மாவின் பேச்சு மட்டும் ஊரைவிட்டு வரவில்லை.

“அம்மா, உன் செருப்பு வேணும். ரெண்டு நாளைக்கி.”

“மறுக்காவா? என்ற செருப்புல அப்படி என்னதான் இருக்குது? நான் எதுல ஊட்டுக்குப் போவேன்?”

“என்னோடதைப் போட்டுட்டுப் போ.”

“உன்ற செருப்பா? அது தோணியாட்ட இருக்குது. நான் உள்ளார உக்காந்து துடுப்புத்தான் போடோணும்.” பின்னால் இரண்டு பெண்கள் சிரித்தார்கள். “இரு, கை கழுவிப்போட்டு வாறேன்.”

தண்ணீர்க் குழாய் முற்றத்தின் அந்தக் கோடியில் இருந்தது. நடுவில் சேறு. அம்மா வாசலில் கால் நீட்டி, பார்க்காமலே, பக்கத்தில் கிடந்த இரண்டு செருப்புக்குள் காலை நுழைத்துக்கொண்டு போனாள். ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. இரண்டும் அவளுடையதில்லை. அவளுக்கு முன்னால் போன பெண்ணின் காலில் ஒரு ஆண் செருப்பு. அவளுக்கும் முன்னால் குழாயடியில் நின்ற ஒருத்தியின் இடது காலில், அடியில் ஊக்கோடு, அம்மாவின் செருப்பு.

யாரும் யாரையும் கேட்கவில்லை. யாரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை. நாலு எட்டு நடக்கத் தன் செருப்பைத் தேடுகிற ஆள் யார்?

அஷ்வினி அங்கேயே நின்று சிரித்தாள். சத்தமாக.

“என்ன சிரிப்பு?” என்று திரும்பி வந்தாள் அம்மா.

“நீ ஒரு கொலையைக் கண்டுபிடிச்சிட்டம்மா.”

“ஆமா, நான் பத்தி உருட்டறதை உட்டுப்போட்டு அதுக்குத்தான் வந்தேன். சாப்பிட்டயா, இல்லையா?”

ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததும் அஷ்வினி கேட்டாள். “சார், உங்க வீட்டுக்கு ஷூ போட்டுட்டு ஒருத்தர் வரார். வாசல்ல நாடாவை அவுத்துக் கழட்டி வெச்சிட்டு உள்ள வரார். அப்புறம் புழக்கடைக்குப் போகணும். திரும்ப உக்காந்து ஷூவை மாட்டி நாடா கட்டுவாரா?”

முரளிதரன் தன் காலைப் பார்த்தார். பிறகு ஸ்டூடியோ வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தார்.

“எது கிட்டக்க கெடக்குதோ அதுல காலை விட்டுட்டுப் போவான்,” என்றார். “நான் இப்போ பாத்ரூமுக்குத் தருண் செருப்பைத்தான் போட்டுட்டுப் போனேன்.”

“அவன் யாரையும் மாட்டிவிட நினைக்கல சார். அவனுக்கே ஞாபகம் இருக்காது. அதான் அவனால மறைக்கவும் முடியாது.”

“ஆனா மீனா செருப்பு அங்க கெடந்திருக்கணுமே?”

அதற்குள் தருண்குமார் மூன்றாவது வாரத்தை ஓட்டிக்கொண்டிருந்தான். கொலை நடந்த அன்று விஜய்குமார் அத்தையைப் பார்க்க வருகிற காட்சி. வாசல்படியில் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்க்கிறான். மாடிப்படி அந்த வாசலுக்குப் பக்கத்தில்தான் தொடங்குகிறது. அவன் ஷூவை ஓரமாக வைக்கிற இடத்தில், மாடிப்படியின் கீழே, நீலவார் செருப்பு ஒரு ஜோடி. யாரோ கலை உதவியாளர் வாசல் வெறுமையாக இருக்கிறதே என்று சும்மா வைத்தது. படத்தை நிறுத்திவிட்டு மூவரும் அந்தச் செருப்பையே பார்த்தார்கள்.

“நான் ஜீனியஸ்மா,” என்றார் முரளிதரன். “எனக்கே தெரியாம.”

அதற்கப்புறம் எல்லாம் வேலை. அஷ்வினிக்கு வேலை என்றால் கை தானாகப் போகும். கடைசி வாரத்தில் இன்ஸ்பெக்டர் விஜய்குமாரை வீட்டுக்குக் கூட்டிவந்து, அன்று நடந்தபடியே சந்தில் நடக்கச் சொல்கிற காட்சி இருந்தது. படத்தில் அவன் இடுப்புக்குமேல்தான் தெரிகிறான். கால் தெரியாத ஆளுக்கு எந்தச் செருப்பையும் மாட்டிவிடலாம். இன்ஸ்பெக்டர் இரண்டு இடத்தில் கேமராவுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். வாய் தெரியாத ஆளின் வாயில் எந்த வசனத்தையும் வைக்கலாம். இன்ஸ்பெக்டருக்குக் குரல் கொடுப்பவர் முரளிதரனே. புதன்கிழமை காலையில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மைக்குக்கு முன்னால் நின்றார்.

“ஷூ வேண்டாம். அன்னைக்கு மாட்டினதை மாட்டு.”

“இன்னும் மெதுவா சார். மிரட்டாதீங்க. தண்ணி கேக்கற மாதிரி கேளுங்க.”

“எனக்கே டைரக்ஷனா?”

“இந்த ரூமுக்குள்ள நான்தான் சார்.”

அவர் தண்ணீர் கேட்கிற மாதிரிக் கேட்டார். தருண்குமாருக்கே மயிர் கூச்செறிந்தது.

பிறகு அஷ்வினி அம்மாவின் செருப்பை மாட்டிக்கொண்டு ரெட் ஆக்சைடு கட்டத்தில் நின்றாள். கணுக்காலில் இன்னும் கொஞ்சம் வலி இருந்தது. திரையில் விஜய்குமார் கிளம்பினான். அவளும் கிளம்பினாள். அவன் தோள் இறங்கும்போது இவள் கால் இறங்கியது. முதல் நாலு எட்டு வேகமாக. பிறகு அவன் நடை தயங்குகிற இடத்தில் இவளும் தயங்கினாள். மைக்கைக் குதிகாலுக்கு இன்னும் ஒரு சாண் கிட்டே இழுத்து வைத்திருந்தாள். சப், டிக், தட். இப்போது அந்தத் ‘தட்’டை யாரும் தவறவிட முடியாது.

நடந்து முடித்துவிட்டு உட்கார்ந்து இடியை எடுத்துவிட்டாள். வயலினை எடுத்தாள். பேஸ் உறுமலை எடுத்தாள். சந்தில் மின்விசிறிச் சத்தம்கூட இல்லை. தூரத்தில் ஒரு வீட்டில் குக்கர் விசில் மட்டும் விட்டுவைத்தாள். ஒருத்தன் மாட்டிக்கொள்கிற நேரத்தில் பக்கத்து வீட்டில் சாம்பாருக்குப் பருப்பு வேகத்தான் செய்யும். இன்னும் ஒன்று செய்தாள். விஜய்குமார் திரையில் வருவதற்கு மூன்று வினாடி முன்னாலேயே காலடியைத் தொடங்கவைத்தாள். இன்ஸ்பெக்டரின் முகம்தான் திரையில். காலடி நம் காதில். அவர் கேட்கும்போதே நாமும் கேட்கிறோம். அவருக்குப் புரிகிற அதே நொடியில் நமக்கும் புரியும்.

முரளிதரன் ஓட்டிப் பார்த்தார். “ஒரே ஒரு இடி?” என்று கேட்டார், குழந்தை மிட்டாய் கேட்பதுபோல.

“அடுத்த சீசன்ல சார்.”

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஸ்ரீதேவி வீடியோ அழைப்பில் வந்தாள். படம் ஓடியது. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முடிந்ததும் முதலில் கேட்டது: “சந்து சீன்ல மியூசிக் டிராக் மிஸ் ஆயிருக்கே?”

“மிஸ் ஆகல மேடம். எடுத்துட்டேன்.”

“யாரைக் கேட்டு?”

முரளிதரன் அஷ்வினியைப் பார்த்தார். அஷ்வினி திரையைப் பார்த்தாள்.

“அந்த நாலு லட்சம் பேரும் இந்த வாரம் காதைத் தீட்டிட்டு உக்காருவாங்க மேடம். அவங்க செருப்பைக் கேக்கத்தான் வராங்க. அதுமேல இடியைப் போட்டா அவங்களை முட்டாளாக்கற மாதிரி.”

ஸ்ரீதேவி மேஜையிலிருந்து ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள். “அந்த சீன் மட்டும் இன்னொரு தரம்.”

இன்னொரு தரம் ஓடியது. இந்தத் தடவை ‘தட்’ வந்தபோது அவள் புருவம் ஒரு நூல் உயர்ந்ததை அஷ்வினி பார்த்தாள்.

“இந்தக் குதிகால் சத்தம் நேத்து சேத்ததுதானே? மூணாவது வாரத்துல இல்லன்னு அந்தப் பொண்ணு கண்டுபிடிச்சா?”

“மூணாவது வாரத்துலயே இருக்கு மேடம். ஒளிபரப்பானதுல. நீங்களே போட்டுக் கேளுங்க.”

ஸ்ரீதேவி தன் பக்கத்தில் தேடி எடுத்துப் போட்டாள். இங்கே மூவருக்கும் அந்தச் சத்தம் கேட்கவில்லை; அவள் முகம் மட்டும்தான் தெரிந்தது. முரளிதரன் மோதிரத்தைச் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

“இருக்கு,” என்றாள் ஸ்ரீதேவி. ஹெட்போனைக் கழற்றினாள். “அப்போ இது முதல்லயே ப்ளான் பண்ணதா?”

முரளிதரன் “ஆமா” சொல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இல்ல மேடம்,” என்றாள் அஷ்வினி. “ஒரு தப்பு பண்ணேன். அதுக்குள்ளயே பதில் இருந்துச்சு.”

ஸ்ரீதேவி முதல் தடவையாகச் சிரித்தாள். “வெளில யார்கிட்டயும் இப்படிச் சொல்லாதீங்க. சென்னைக்கு எதுவும் அனுப்ப வேண்டாம். டைட்டில் அப்படியே இருக்கட்டும்.”

“டைட்டில்ல ஒண்ணு மட்டும் சேக்கணும் மேடம்.”

“இப்போ என்ன?”

அஷ்வினி சொன்னாள். ஸ்ரீதேவி எழுதிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு மாரியம்மா வீட்டில் உட்கார இடம் இல்லை. அந்த வரிசையில் ஐந்து வீட்டுப் பெண்களும் வந்திருந்தார்கள். வாசலில் செருப்புக் குவியல். சந்துக் காட்சி வந்ததும் பேச்சு நின்றது. இன்ஸ்பெக்டரின் முகம். இன்னும் யாரும் திரையில் வரவில்லை. சப், டிக், தட்.

“அய்யோ, அவளுது இல்ல!” என்று யாரோ மூச்சை இழுத்தார்கள். “பெரிய காலு!”

மாரியம்மா திரையைப் பார்க்கவில்லை. திரும்பி வாசலைப் பார்த்தாள், தன் செருப்பு அங்கேதான் இருக்கிறதா என்று.

முடிவில் எழுத்துகள் ஓடின. ‘ஒலி வடிவமைப்பு: அஷ்வினி’. இரண்டரை வினாடி. அதன் கீழே ஒரு புது வரி. மாரியம்மா மார்டள்ளியில் ஐந்தாவது வரை கன்னடத்தில் படித்தவள். தமிழ் எழுத்து தெரியாது.

“கீழ என்னமோ புதுசா இருக்குது. என்ன எழுதியிருக்குது?”

“காலடிகள்: மாரியம்மா, அஷ்வினி,” என்று பக்கத்திலிருந்து படித்தாள் அஷ்வினி.

மாரியம்மா கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். அதில் இப்போது சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. “அஞ்சு நிமிசம் நடந்ததுக்கா?” என்றாள். “தெரிஞ்சிருந்தா இன்னுங்கொஞ்சம் நல்லா நடந்திருப்பேனே.”

எழுந்தாள். வந்தவர்களுக்குக் காப்பி போட வேண்டும். குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டும். குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் அஷ்வினிக்கு வாசலில் இருந்து ஒரு நடை கேட்டது. சர்ர், பட். சர்ர், பட். சின்னக் கால், பெரிய செருப்பு.

“அம்மா,” என்றாள், திரும்பிப் பார்க்காமலே. “அது என்னோட செருப்பு.”